முதல் மான், முதல் கத்தி: எது வாங்கலாம்?

ஆஸ்டின்_புதியவன்

வணக்கம் மக்களே. டெக்சாஸ் ஆஸ்டினில் எட்டு வருடமாக இருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர் லானோ பக்கம் ஒரு வேட்டை நிலம் குத்தகைக்கு வைத்திருக்கிறார், மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இந்த வருடம்தான் ஆன்லைனில் வேட்டைப் பாடம் முடித்து லைசென்ஸ் எடுத்தேன். நவம்பர் முதல் சனிக்கிழமை வெள்ளைவால் மான் சீசன் ஆரம்பம். அதற்கு முன்னாலேயே ஒரு புள்ளிமான் கிடைக்கலாம், அதற்கு சீசன் கணக்கெல்லாம் கிடையாது என்கிறார்.

சுடுவதற்குப் பயிற்சி எடுத்துவிட்டேன். சுட்ட பிறகு வயிற்றைக் கிழித்துக் குடல் எடுக்கிற வேலைதான் பயமாக இருக்கிறது. ஊரில் கோயில் கிடா வெட்டில் உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், தட்டு பிடித்ததோடு சரி.

கத்தி வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனால் 7 அங்குல பிளேடு, முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி என்று ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். பார்க்க சினிமா வில்லன் கத்தி மாதிரி இருக்கிறது. 150 டாலர் வரை போடலாம். நீளம் எவ்வளவு, மடக்குக் கத்தியா மடங்காததா, பிளேடின் முதுகில் தோல் கிழிக்கிற கொக்கி வேண்டுமா, எந்த எஃகு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்கன_சிகாமணி

மோரா, ஸ்வீடன் கத்தி. 20 டாலருக்குள் முடியும். மிச்சக் காசுக்கு ஐஸ் பெட்டி வாங்குங்கள்.

விஸ்கான்சின்_வாத்தியார்

அந்த 7 அங்குலத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று நம்புகிறேன்.

ஊரில் ஆட்டைக் கட்டித் தொங்கவிட்டு உரிப்பார்கள், வெளிச்சம் இருக்கும், பிடிக்க ஆள் இருக்கும். காட்டில் மான் சரிவில் மல்லாந்து கிடக்கும், பொழுது சாய்ந்திருக்கும், நீங்கள் மண்டியிட்டிருப்பீர்கள். குடலை வெளியே இழுக்க வேண்டுமென்றால் முதலில் உதரவிதானத்தைச் சுற்றி அறுத்துவிட்டு, மார்புக்கூட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு மூச்சுக்குழாயை அறுக்க வேண்டும். உள்ளே ஒன்றும் தெரியாது. இடது கை குழாயைப் பிடித்திருக்கும், வலது கையில் கத்தி. ஆள்காட்டி விரலை பிளேடின் முதுகில் நீட்டி வைத்துக்கொண்டு, முனை எங்கே இருக்கிறது என்று விரலாலேயே உணர்ந்து உணர்ந்து போவீர்கள். பிளேடு 3½ அங்குலம் என்றால் விரல் கிட்டத்தட்ட முனை வரை எட்டும். 6 அங்குலம் என்றால் முனை இருக்கிற இடம் கத்திக்கு மட்டும்தான் தெரியும், பல நேரம் அது உங்கள் இடது கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

என் முதல் கத்தி 6 அங்குலம். பெருமையாக இடுப்பில் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். வயிற்றுத் தோலைத் திறக்கும்போதே முனை இரைப்பைக்குள் இறங்கிவிட்டது. அரைத்துப் போட்ட பச்சைக் கூழ் கறி மேலெல்லாம் வழிந்தது, அந்த வாடை ஜாக்கெட்டை விட்டுப் போக இரண்டு சலவை ஆனது. என்னைக் கூட்டிப் போனவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

அதனால் 3½, மிஞ்சிப் போனால் 4. மடங்காதது. முனை வடிவம் டிராப் பாயின்ட், அதாவது முதுகு மெல்ல இறங்கி முனையில் சேருவது. பாப் லவ்லெஸ் என்ற கலிஃபோர்னியாக் கத்திக்காரர் பிரபலப்படுத்திய வடிவம் அது. முனை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்காது, குடலில் குத்துகிற வாய்ப்பு குறைவு.

பிளேடு_மாற்றி

இந்தக் காலத்தில் எல்லாரும் மாற்றுபிளேடு கத்திக்கு வந்துவிட்டார்கள், இன்னும் லவ்லெஸ் கதையா? சர்ஜரி பிளேடு மாதிரி மெல்லியது, மழுங்கினால் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டியதுதான். சாணைக்கல் தேவையில்லை, எடையும் இல்லை. இரண்டு சீசனில் ஐந்து மான், ஒரு தடவை கூடத் தீட்டியதில்லை. தோலுரிக்க அதுபோல் வேறு கிடையாது, வெண்ணெயில் போகிற மாதிரி போகும்.

கொலராடோ_குப்புசாமி

வெண்ணெயில் போகும், எலும்பில் போகாது. தொடையைக் கழற்றும்போது இடுப்பு மூட்டில் லேசாகத் திருகினேன், டிக் என்று ஒரு சத்தம். பிளேடின் முனை ஒரு நகம் அளவுக்கு ஒடிந்து கறிக்குள் போய்விட்டது. தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தப் பகுதிக் கறியை அப்படியே வெட்டி எறிந்தேன், பிள்ளைகள் சாப்பிடுகிற கறி, வேறு வழியில்லை.

அதோடு விடவில்லை. புது பிளேடு மாட்டும்போது கையெல்லாம் கொழுப்பு, வழுக்கிக் கட்டைவிரலில் நாலு தையல். மாற்றுபிளேடுதான் வேண்டும் என்றால் கூடவே ஒரு சின்னக் குறடு வைத்துக்கொள்ளுங்கள், விரலால் கழற்றாதீர்கள். மூட்டு வேலைக்குத் தனியாக ஒரு கனமான கத்தியும் வேண்டும். அப்போது அந்தக் கனமான கத்தியாலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது, செய்கிறேன்.

பிளேடு_மாற்றி

நீங்கள் திருகியதற்குக் கத்தி என்ன செய்யும்? மூட்டைப் பிளப்பதற்கு அது செய்யப்படவே இல்லை. குமிழ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சுற்றியிருக்கிற நாரை அறுத்தால் தொடை தானாகக் கழன்று வரும்.

கொலராடோ_குப்புசாமி

இருட்டில், பனியில், முதல் தடவை செய்கிற ஆளிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

பென்சில்வேனியா_மாமா

எல்லாரும் மடங்காத கத்தி என்கிறீர்கள், நான் மறுகட்சி. இருபது வருடமாக என் இடுப்பில் பக் 110 என்ற மடக்குக் கத்தி. 1964-இல் வந்த மாடல், இன்னும் அதே வடிவத்தில் விற்கிறார்கள். 3¾ அங்குலம், திறந்தால் லாக் ஆகிவிடும், பித்தளையும் மரமும் சேர்ந்து கையில் ஒரு கனம் இருக்கும். மடக்கிப் போட்டால் தடுக்கி விழுந்தாலும் இடுப்பில் குத்தாது, எங்கள் பக்கத்து மலைச்சரிவில் அது சின்ன விஷயமில்லை.

குறை இல்லாமல் இல்லை. மடக்குகிற எந்தக் கத்தியிலும் மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் போய் உறைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், கடைசியில் ஒரு பல்குச்சி, ஒரு சொட்டு எண்ணெய். கால் மணி நேர வேலை. எனக்குப் பிடித்த வேலை என்பதால் குறையாகத் தெரியவில்லை. புதிதாக வாங்குகிற தம்பிக்கு இதைச் சொல்வேனா என்றால், மாட்டேன்.

ஆஸ்டின்_புதியவன்

மாமா, கடைசி வரியில் கட்சி மாறிவிட்டீர்களே!

சரி, 3½ அங்குலம், மடங்காதது, அது முடிவாகிவிட்டது. எஃகு விஷயத்தில்தான் தலை சுற்றுகிறது. 420எச்சி, எஸ்30வி, டி2, 1095 என்று ரேஷன் கார்டு நம்பர் மாதிரி போட்டிருக்கிறார்கள். எஸ்30வி விலை மூன்று மடங்கு. மூன்று மடங்கு கூராக இருக்குமா?

சாணைக்கல்

கூர் என்பது தீட்டுகிற கையில் இருக்கிறது. எஃகு சொல்வது, அந்தக் கூர் எவ்வளவு நேரம் நிற்கும், திரும்ப வரவழைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும்தான்.

எஸ்30வி-யில் கார்பன் சுமார் 1.45 சதவீதம், வனேடியம் 4 சதவீதம். வனேடியமும் கார்பனும் சேர்ந்து எஃகுக்குள் பொடிப்பொடியாகக் கடினத் துகள்கள் ஆகிவிடும், அதனால்தான் சீக்கிரம் தேயாது. ஆனால் அந்தத் துகள் சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லை விடக் கடினம். வீட்டில் இருக்கிற கல்லில் தேய்த்தால் கல்தான் தேயும், வைரத்தூள் தகடு வேண்டும். 420எச்சி-யில் கார்பன் அரை சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு மானுக்கு ஒருமுறை தீட்ட வேண்டும், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 1095 கார்பன் எஃகு, அருமையாகக் கூர் ஏறும், துடைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் துரு. அரிவாள்மணை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, கத்தி கறியில் மழுங்குவதில்லை. மயிரிலும், மயிருக்குள் ஒட்டியிருக்கிற மண்ணிலும், எலும்பிலும்தான் மழுங்குகிறது. மான் படுத்துப் புரண்ட மண் எல்லாம் அந்த மயிரில் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே அறுத்தால் ஒவ்வொரு மயிரையும் மண்ணோடு அறுக்கிறீர்கள். மார்பெலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். இடது கை இரண்டு விரலை உள்ளே விட்டு V மாதிரி விரித்துத் தோலைத் தூக்கிப் பிடியுங்கள், குடல் கீழே தங்கிவிடும். நடுவில் கத்தியை, கூர் வானத்தைப் பார்க்க வைத்து உள்ளிருந்து வெளியே கிழித்துக்கொண்டு போங்கள். மயிர் இரண்டு பக்கமும் விலகும், கூர் நிற்கும், குடலும் தப்பிக்கும். இதைச் செய்தால் 420எச்சி போதும், செய்யாவிட்டால் எஸ்30வி-யும் பாதி மானில் மொண்ணை.

தீட்டுகிற கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. ஊரில் சாணை பிடிக்கிறவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுப் பெடல் மிதிப்பார், தீப்பொறி பறக்கும், வேடிக்கை பார்ப்போம். அந்தத் தீப்பொறி வேண்டாம். சூடு ஏறினால் எஃகின் பதம் போய்விடும். தண்ணீர் விட்டு மெதுவாக ஒரு பக்கம் தேய்த்தால், எதிர்ப்பக்கத்து விளிம்பில் நகத்தில் தட்டுகிற மாதிரி ஒரு பிசிறு வரும். அது முனை வரைக்கும் வந்த பிறகு கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு. பேப்பரை அறுக்கிறதா என்று பார்க்காதீர்கள், தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்துப் பாருங்கள்.

பிளேடு_மாற்றி

இதற்குத்தான் நான் பிளேடு மாற்றுகிறேன்.

வன்னி_டொராண்டோ

அண்ணைமார் எல்லாரும் பிளேடையே கதைக்கிறீங்கள், கைப்பிடியை ஒருத்தரும் கதைக்கேல்லை. ரத்தமும் கொழுப்பும் பட்ட கை சவர்க்காரம் போட்ட கை மாதிரி. பளபளவென்று மினுக்கின மரக் கைப்பிடி கடையில் வடிவாக இருக்கும், மானுக்குள் கை விட்டால் வழுக்கும். ரப்பர் மாதிரிச் சொரசொரப்பான பிடியும், விரல் கூருக்கு ஓடாமல் முன்னால் ஒரு தடுப்பும் இருக்க வேண்டும். இங்கே குளிருக்குக் கை விறைக்கும், கையுறையோடு பிடிக்கிற அளவுக்குத் தடிப்பாக இருந்தால் நல்லது.

நிறமும் முக்கியம். நான் இரண்டு கத்தி துலைச்சிருக்கிறேன், இரண்டும் பழுப்பு நிறப் பிடி, வேலை முடிய இலைக்குள் வைத்துவிட்டு எழும்பி வந்தது. இப்ப செம்மஞ்சள் பிடி மட்டும்தான்.

எங்கட அப்பப்பா காலத்தில் வன்னியில் மான் இறைச்சி வத்தல் போட்ட கதை வீட்டில் கனக்கக் கேட்டிருக்கிறேன். அவையள் என்ன எஃகு வைச்சிருந்தவை என்று ஒருத்தருக்கும் தெரியாது, கொல்லன் அடிச்ச கத்தி.

தயிர்சாதம்

அழகான ஒரு உயிரை எப்படிக் கிழிப்பது என்று இவ்வளவு நீளமாகப் பேசுகிறீர்கள். புள்ளிமானாம்! ஊரில் செய்து பாருங்கள், உள்ளே தூக்கிப் போடுவார்கள்.

விஸ்கான்சின்_வாத்தியார்

போடுவார்கள், போடவும் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. இங்கே பேசுவது எதையும் யாரும் ஊருக்கு எடுத்துப் போக வேண்டாம். ஆனால் டெக்சாஸ் கதை வேறு. அங்கே புள்ளிமான் 1932-இல் கொண்டுவந்து விட்ட பிராணி, புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, வேலி தாண்டிப் பெருகி உள்ளூர் மானின் தீவனத்தைத் தின்கிறது. அதனால்தான் சீசன் இல்லை. கறி சாப்பிடுகிறவன் ஒரு தடவையாவது தானே குடல் எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதுவும் நியாயம்தான், சண்டையில்லை.

ஆஸ்டின்_புதியவன்

எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. சின்ன வயதில் கிண்டியில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த அதே புள்ளிமான். போன மாதம் நண்பரின் நிலத்தில் பத்துப் பன்னிரண்டு ஒன்றாக நின்றதைப் பார்த்ததும் துப்பாக்கி ஞாபகமே வரவில்லை, ஊர் ஞாபகம்தான் வந்தது. அப்புறம் அவர் ஓடை ஓரத்தில் மொட்டையாகக் கிடந்த புல்லைக் காட்டினார்.

சரி, கத்திக்கு வருவோம். முதுகில் கொக்கி?

கொலராடோ_குப்புசாமி

வேண்டாம். தோலை ஜிப் திறக்கிற மாதிரி திறக்கும், உண்மைதான். ஆனால் மழுங்கினால் கொக்கிக்குள் எந்தக் கல்லும் நுழையாது, உருண்டைக் குச்சி அரம் வேண்டும். மயிர் வேறு சிக்கும். அதோடு முதுகில் விரல் நீட்ட முடியாது. இரண்டு விரல் V பழகிவிட்டால் கொக்கி எதற்கு?

பென்சில்வேனியா_மாமா

வழிமொழிகிறேன். ரம்பப் பல்லும் வேண்டாம். இடுப்பெலும்பைப் பிளக்க வேண்டுமானால் 20 டாலருக்கு மடக்கு ரம்பம் தனியாகக் கிடைக்கிறது. பிளக்காமலேயே சுற்றி அறுத்து எடுப்பவர்கள்தான் அதிகம்.

விஸ்கான்சின்_வாத்தியார்

மாமா சொன்ன இடத்தில்தான் புதியவர்கள் கெடுப்பார்கள். ஆசனவாயைச் சுற்றி ஒரு வட்டமாக ஆழமாக அறுத்து, குடலை விடுவித்து, ஒரு கயிறால் கட்டிவிட்டு உள்பக்கமாக இழுக்க வேண்டும். பக்கத்திலேயே மூத்திரப்பை இருக்கிறது. அந்த இடத்துக்குக் குட்டையான, குறுகலான முனை வேண்டும். அகலமான தோலுரிக்கிற கத்தி அங்கே திரும்பாது. 3½ அங்குலத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம், எங்கள் மாநிலத்தில் 2002-இல் கண்டுபிடித்ததிலிருந்து மான்களுக்கு மெலிந்து மெலிந்து சாகிற நோய் ஒன்று பரவி வருகிறது, டெக்சாஸிலும் 2012-இலிருந்து இருக்கிறது. புரதம் கெட்டு வருகிற நோய், கொதிக்க வைத்தாலும் போகாது. மனிதருக்கு வந்ததாக உறுதியாகவில்லை, இருந்தாலும் ரப்பர் கையுறை போடுங்கள், மூளையையும் முதுகுத்தண்டையும் அறுக்காதீர்கள், நோய் இருக்கிற வட்டாரத்தில் சுட்டால் மானைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கத்தியை முதலில் ஒட்டியிருக்கிற சதை போகக் கழுவிவிட்டு, வீட்டு பிளீச் 40 சதவீதமும் மீதி தண்ணீருமாகக் கலந்து ஐந்து நிமிடம் ஊற வைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கம்பியில் சோதித்த கணக்கு அது. கார்பன் எஃகை அதில் போட்டால் துரு பிடித்துவிடும். அதனால் சிக்கனம் சொன்ன மோராவே வாங்கினாலும் ஸ்டெயின்லெஸ் பார்த்து வாங்குங்கள்.

சிக்கன_சிகாமணி

நான் சொன்னது ஸ்டெயின்லெஸ்தான். யார் கேட்டீர்கள்?

ஆஸ்டின்_புதியவன்

(மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் ஒரு பெரிய நன்றி. கத்தி வாங்கினேன், வேலையும் முடிந்தது. மடங்காதது, 3½ அங்குலம், டிராப் பாயின்ட், செம்மஞ்சள் ரப்பர் பிடி, சாதாரண ஸ்டெயின்லெஸ், 60 டாலர். மிச்சக் காசுக்குச் சிக்கனம் சொன்னபடி ஐஸ் பெட்டி.

புள்ளிமான், பெட்டை. சாயங்காலம் சுட்டும் வெயில் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், சூட்டில் கறி சீக்கிரம் கெடும் என்று. முதல் ஓட்டை போடவே எனக்குக் கை வரவில்லை. தோல் நான் நினைத்ததை விட மெல்லியது, சூடாக இருந்தது, அதற்கு யாரும் என்னைத் தயார் பண்ணவில்லை. அப்புறம் இரண்டு விரல் V, கூர் மேல் பக்கம். சர்ரென்று துணி கிழிகிற சத்தம். குடல் தப்பியது.

மூச்சுக்குழாயில்தான் வாத்தியார் சொன்னது புரிந்தது. உள்ளே கண் தெரியாத இடத்தில் அது தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் மாதிரி வரிவரியாக இருந்தது, விரலை முதுகில் வைத்துக்கொண்டே போய் அறுத்து இழுத்தேன், ஈரலும் நுரையீரலும் குடலுமாக மொத்தமும் ஒரே இழுப்பில் வந்தது. அந்த 7 அங்குலமாக இருந்திருந்தால் நிச்சயம் கையைக் கிழித்திருப்பேன்.

தப்பும் செய்தேன். தோலுரிக்கும்போது அவசரத்தில் கழுத்துப் பக்கம் மயிரோடு சேர்த்து வெளியிலிருந்து அறுத்துவிட்டேன், சாணைக்கல் அண்ணன் சொன்ன மாதிரியே பாதியில் மொண்ணை. மீதியை நண்பரின் மாற்றுபிளேடு கத்தியால்தான் முடித்தோம். பிளேடு_மாற்றி, நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பிளேடு_மாற்றி

சிரிக்கவில்லை. சத்தமாகச் சிரிக்கவில்லை.

வன்னி_டொராண்டோ

முதுகு இறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டினீங்களோ?

ஆஸ்டின்_புதியவன்

பிரட்டினோம், மறுநாளே. கொழுப்பே இல்லை, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டியிருந்தது.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை. மான் அறுத்த கத்தி வீட்டுக்குள் வரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள், பிளீச்சில் போட்டு, தீட்டி, கராஜில் மாட்டியிருந்தேன். போன ஞாயிறு அவசரத்துக்கு முழுக்கோழி ஒன்றை எலும்பெடுக்க அதைக் கேட்டாள். கொடுத்தேன். அன்றிலிருந்து அது அடுக்களைச் சுவரில் காந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கேட்டால் இனி அது தன்னுடையது என்கிறாள். நவம்பருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இரண்டாவதாக எது வாங்கலாம்?

சிக்கன_சிகாமணி

மோரா. இரண்டாக வாங்குங்கள்.